சற்றே திரும்பிய பல்

கண்களை இறுக மூடிக்கொண்டு, கையிலிருக்கும் பல்செட்டின் விளிம்பை இடது மணிக்கட்டின் உட்புறத் தோலில் மெல்ல இழுத்துப் பார்க்கிறார். மேலிருந்து கீழே ஒரு தடவை, பிறகு ஓரமாக ஒரு சுற்று. எங்கோ ஓரிடத்தில் தோல் லேசாகச் சிணுங்குகிறது. கண்ணைத் திறக்காமலேயே அந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் அடையாளம் பிடித்துக்கொண்டு, காலால் மோட்டாரின் மிதியை அழுத்துகிறார். மெருகுச் சக்கரம் சுழல்கிறது. மறுபடி மணிக்கட்டு, மறுபடி மோட்டார். “கண்ணு ஏமாந்துடும், நாக்கு ஏமாறாது” என்பார். “ஒரு மயிரிழை நீட்டிக்கிட்டு இருந்தாலும் போதும், நாக்கு நாள் பூரா அதையே போய்ப் போய்த் தடவிக்கிட்டுக் கிடக்கும். வேற ஒரு வேலையும் பார்க்காது.”

பல் டாக்டர்கள்தான் பல் கட்டுகிறார்கள் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அளவெடுப்பார்கள், கடைசியில் வாயில் மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் காட்டுவார்கள். நடுவில் நடக்கிற அத்தனையும் இவரைப் போன்றவர்களின் மேசையில்தான் நடக்கிறது. தெருவில் எல்லோருக்கும் இவர் பல்செட்டுக்காரர். கோபம் வந்தால் மனைவிக்கும் அப்படித்தான்.

வீட்டின் பின்பக்கம் ஒரே ஒரு சன்னல் உள்ள அறை. சன்னலை ஒட்டி மேசை, மேசைமேல் மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, ஈறு நிறப் பொடி நிறைந்த புட்டிகள், மூக்கைத் துளைக்கும் ஒரு திரவம். எல்லாவற்றின்மேலும் வெள்ளையாகப் பிளாஸ்டர் தூள், அவர் புருவத்திலும்தான். சுவரோரம் இருக்கும் அலமாரியில் தட்டுத் தட்டாகப் பிளாஸ்டர் தாடைகள். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நின்றுவிடுவார்கள். “அவங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டுதானே இருக்காங்க, நீங்க ஏன் பயப்படறீங்க, உள்ள வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

முகம் பார்க்காத தொழில் இது. டாக்டர்களிடமிருந்து டப்பாக்களில் வாய்கள் வரும், டப்பாக்களிலேயே திரும்பிப் போகும். யாருடைய வாய் என்று இவர் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஒரு முறை பஸ்ஸில் எதிர் இருக்கையில் ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். இவர் வைத்த பற்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டார். அந்தம்மா முறைத்த முறைப்பை வீட்டில் வந்து நடித்துக் காட்டினார். ஆனாலும் அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

டாக்டர்களுக்கு இவரிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு. பற்களை ஒரே சீராக வைக்கமாட்டார். எங்காவது ஒன்றை இம்மி அளவு சாய்ப்பார், ஒன்றைச் சற்று உள்ளே தள்ளுவார். கேட்டால், “ஒரே வரிசையா நின்னா அது பல்லு இல்ல டாக்டர், சுவரு” என்பார். இரண்டு மூன்று முறை டப்பா திரும்பி வந்ததும் உண்டு. முணுமுணுத்துக்கொண்டே நேராக்கி அனுப்புவார். அவருடைய சொந்த வாயிலும் மேல்வரிசையில் இடப்பக்கத்து இரண்டாவது பல் சற்றே திரும்பி, பக்கத்துப் பல்லின்மேல் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அது அம்மாவிடமிருந்து வந்தது.

டிசம்பர் பிறந்தால் பல்செட்டுகளுக்குக் கண்டம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரப்போகிறார்கள் என்று பெரியவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் தேய்த்துக் கழுவுவார்கள். ஈரக் கையிலிருந்து நழுவும். கழுவுதொட்டியில் விழுந்து இரண்டாகும். கைக்குட்டையில் சுற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மாதம் இவர் மற்ற வேலைகளையெல்லாம் ஓரங்கட்டிவிடுவார். நடிகர் போலப் பளபளக்கும் பீங்கான் பற்களுக்கு ஆசைப்பட்டவர்கள் சனவரி வரை காத்திருக்க வேண்டியதுதான். உடைந்து வந்தவைதான் முதலில். “கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஒருத்தர்கூட வாயைப் பொத்திக்கிட்டு மூலையில உட்காரக் கூடாது” என்பது அவர் கட்சி. பல் இல்லாதவர் சாப்பாட்டு மேசைக்கு வரமாட்டார், பாட்டுக்கு வாயைத் திறக்கமாட்டார், போட்டோ எடுக்கும்போது ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

“ஊர்ல இருக்கற வாய்க்கெல்லாம் நீங்கதான் பொறுப்பா?” என்று மனைவி கேட்பார்.

“பின்ன வேற யாரு?” என்று மோட்டார் சத்தத்துக்குள்ளிருந்து பதில் வரும்.

மனைவி தேவாலயத்தில் பாடகர் குழுவில் முன்வரிசை. இவர் கடைசி பெஞ்சில் தூணுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு டிசம்பரிலும் போதகர் கடவுளின் அன்பை மற்றவர்களுக்குப் பிரதிபலிக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்வார். நமக்கென்று சொந்த வெளிச்சம் எதுவும் இல்லை, வருகிறதைத் திருப்பித் தருகிறோம், அவ்வளவுதான் என்பார். ஒரு முறை வீட்டுக்கு நடந்து வரும்போது, “என்ன, தூங்கிட்டீங்களா?” என்று மனைவி சீண்டினார்.

“கேட்டேன். அவரு சொன்னது எங்க வேலைதான். பல்லுக்கு ஏது சொந்த வெளிச்சம்? சன்னல்ல இருந்து வர்றதைத் திருப்பிக் குடுக்கணும், அப்பதான் உயிரு வரும். ஆனா ஒண்ணு அவரு சொல்லல. அதுக்குத் தேய்க்கணும். கை கடுக்கத் தேய்க்கணும்.”

இப்படி வாய் வார்த்தையாகச் சொல்வது யாருக்கும் எளிது. போன டிசம்பரில் அது அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது.

டாக்டர்களின் கிளினிக்குகளுக்கும் இவர் அறைக்கும் நடுவே டப்பாக்களைச் சுமப்பவர் ஒரு ஸ்கூட்டர் அம்மாள். நடுத்தர வயது, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிடக்கூடியவர். கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஐந்தாறு டப்பாக்களைக் கொண்டுவந்து அடுக்கினார். “இந்த நீலத்தை மட்டும் சீக்கிரம் பாருங்கண்ணே. டாக்டர் ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாரு. யாரோ பெரியவராம், உடைஞ்சதுல இருந்து வாயில துண்டை வச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்காராம்.”

நீல டப்பாவில் இரண்டாகப் பிளந்த ஒரு மேல்செட்டு. முன்பல் ஒன்று உடைந்த இடத்திலேயே காணாமல் போயிருந்தது. ஒட்டும்போது வைத்துப் பார்ப்பதற்காக டாக்டர் எடுத்து அனுப்பிய மேல்தாடை அச்சு ஒன்று, கீழ்த்தாடை அச்சு ஒன்று. இவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு மேல்தாடையின் அண்ணத்தைக் கட்டைவிரலால் தடவினார். நட்டநடுவில் ஒரு சின்ன மேடு இடறியது. கூழாங்கல்லைப் பதித்தது போன்ற எலும்பு மேடு. அவருடைய நாக்கு தன்னையறியாமல் சொந்த அண்ணத்துக்குப் போயிற்று. அங்கேயும் அதே இடத்தில் அதே கூழாங்கல். சிறுவயதில் இவரும் அண்ணனும் வாயை அண்ணாந்து திறந்து யாருடையது பெரியது என்று சண்டை போட்ட கூழாங்கல்.

அந்த மேடு உலகத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கும். அதனால் கீழ்த்தாடையைக் கையில் எடுத்தார். அதில் சொந்தப் பற்கள் இன்னும் நின்றன. நடுப்பல்லின் ஒரு மூலை சில்லாகப் பெயர்ந்திருந்தது. தண்ணீர்க் குழாயில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்த அண்ணனைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு அந்தச் சில்லைப் பெயர்த்தது இவர்தான். “தானா விழுந்துட்டேம்மா” என்று அண்ணன் சொல்லியிருந்தான். இவருக்கு அடி விழவில்லை.

அச்சுகளை டப்பாவில் போட்டு மூடினார். அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத உயரத்தில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த டப்பாவைத் திறந்தார்.

அண்ணன் ஊரின் மறுகோடியில்தான் இருக்கிறார். அம்மா கடைசிக் காலத்தில் இருந்தது அவர் வீட்டில்தான். சில வருஷங்களுக்கு முன் இவர் மோட்டார் வாங்க வெளியூர் போயிருந்தபோது அம்மா போய்விட்டாள். “வந்துக்கிட்டே இருக்கேன், வந்துடறேன்” என்று போனில் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினார். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். சின்னவன் வரட்டுமே என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்களாம். “நேரமாயிடுச்சு, மூடிடுங்க” என்று அண்ணன் சொன்னாராம். அந்த இரண்டு சொற்களை இவருக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆளா இல்லை?

தினமும் காலையில் பல் தேய்த்ததும் இரண்டு பையன்களையும் அம்மா நிறுத்தி வைத்து, “ஈ காட்டுங்கடா” என்பாள். இவர்கள் ஈ என்று பல்லைக் காட்டினால் அவளும் பதிலுக்கு ஈ என்று காட்டுவாள். அந்தத் திரும்பிய பல் தெரியச் சிரிப்பாள். அந்த முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாமல் மூடச் சொன்ன வாய் அது. அதற்குப் பிறகு அண்ணன் சொல்லியனுப்பிய ஆட்களையெல்லாம் இவர் வாசலோடு திருப்பி அனுப்பினார். அண்ணி ஒரு முறை நேரிலேயே வந்து பார்த்தார். அவருக்கு டீ கொடுத்தார், பேச்சுக் கொடுக்கவில்லை.

வேலை நடந்தது. ஒவ்வொரு வாயாக ஒட்டி, தேய்த்து, மெருகேற்றி, டப்பாக்கள் மேசையில் வரிசைகட்டின. மனைவிதான் முதலில் கவனித்தார். “மேல ஏன் அதை ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

“அண்ணனோடது.”

மனைவி வேதத்திலிருந்து வசனம் எடுத்துச் சொல்வார் என்று இவர் பயந்துகொண்டிருந்தார். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். அவரோ முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, டப்பாவை இறக்கி, மற்றவற்றின் வரிசையிலேயே கடைசியாக வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். தயாராக இருந்த பதில் வீணாயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை ஸ்கூட்டர் அம்மாள் வந்தார். டப்பாக்களைப் பையில் அடுக்கிக்கொண்டே வந்தவர் கடைசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இது அப்படியே இருக்கே அண்ணே?”

“அதுவா?” பல்செட்டுக்காரர் சக்கரத்தில் ஒட்டியிருந்த தூளை ஊதினார். “நேரமாயிடுச்சுன்னு சொல்லிடும்மா.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அண்ணன் சொன்னபோது இவர் பக்கத்தில் இல்லை. அந்தச் சொல் என்ன குரலில் வந்திருக்கும் என்று இத்தனை வருஷமாக மனசுக்குள் விதவிதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். கடுப்பாக, அதிகாரமாக, ஈரமே இல்லாமல். இப்போது அது தன் தொண்டையிலிருந்தே, சாதாரணமாக, தூளை ஊதிக்கொண்டே வந்ததைக் கேட்டார்.

“சரிண்ணே, முடியலைன்னா என்ன பண்றது” என்று ஸ்கூட்டர் அம்மாள் பையைத் தோளில் மாட்டினார். “அந்த வீட்டம்மாதான் பாவம். பேரப்பிள்ளைங்க எல்லாம் வந்திருக்காங்களாம். பெரியவரு அவங்க முன்னாடிகூட துண்டை எடுக்க மாட்டேங்கறாராம். நாளைக்குச் சர்ச்சுக்கும் வரலைன்னுட்டாராம்.”

“நில்லும்மா. டாக்டர் எது வரைக்கும் இருப்பாரு?”

“மத்தியானத்தோட பூட்டிடுவாரு. அப்புறம்னா நேரா பெரியவர் வீட்டுலதான் கொண்டு போய்க் குடுக்கணும். எனக்கு இன்னைக்கு அந்தப் பக்கம் போக வழியில்லையே.”

“டாக்டர்கிட்ட சொல்லிடு. நானே குடுத்துடறேன்.”

ஸ்கூட்டர் அம்மாள் அன்றுதான் முதல்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றி அவரைப் பார்த்தார். பல்செட்டுக்காரர் ஒரு வீட்டுக்கும் போனதாகச் சரித்திரம் இல்லை.

மன்னிப்பு பொங்கி வழிய அவர் வேலைக்கு உட்கார்ந்தார் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். நடந்தது அதுவல்ல. கோபம் அப்படியே இருந்தது. உடைந்த துண்டுகளை அச்சின்மேல் பொருத்தும்போதும் இருந்தது, உடைந்த விளிம்புகளைத் தேய்த்து அகலப்படுத்தும்போதும் இருந்தது. ஆனால் கை தன் பாட்டுக்கு வேலையை ஒழுங்காகச் செய்தது. பொடியில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு இடைவெளியை நிரப்பினார். வெதுவெதுப்பான தண்ணீரில் இறுக விட்டார். இனி காணாமல் போன பல் ஒன்றுதான் பாக்கி.

மேல்வரிசையில் இடப்பக்கத்து இரண்டாவது பல்.

நிறம் பார்த்து ஒன்றை எடுத்து மெழுகில் நிறுத்தினார். பழைய செட்டு வேறு யாரோ செய்தது; எல்லாப் பற்களும் ஒரே வரிசையில், சுவர் மாதிரி. அதற்கு ஏற்றபடி நேராகவே வைத்தார். சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கத்தி முனையை விளக்கில் காட்டிச் சூடாக்கி, மெழுகை இளக்கி, அந்தப் பல்லை இம்மி அளவு திருப்பினார். பக்கத்துப் பல்லின்மேல் அது தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. டாக்டர் பார்த்தால் திட்டுவார். அண்ணன் பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. பிடிக்கவில்லை என்று கழற்றிக் கையில் கொடுத்துவிடவும் கூடும். நேராக்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படியே இறுக விட்டார்.

மெருகு போட அவருக்கு நெடுநேரம் பிடித்தது. கை கடுத்தது. கழுவித் துடைத்துச் சன்னலுக்கு நேரே பிடித்தபோது, சன்னல் முழுவதும், கம்பிகளோடு, அந்த ஒரு பல்லில் சின்னதாகத் தெரிந்தது. கண்ணை மூடி மணிக்கட்டில் இழுத்துப் பார்த்தார். எங்கும் உறுத்தவில்லை.

கதவைத் திறந்த அண்ணி சற்று நேரம் வழிவிடவே மறந்து நின்றார். அப்புறம் தலையை மட்டும் அசைத்து, “உள் ரூம்ல” என்றார். கூடத்தில் பேரப்பிள்ளைகள் வண்ண விளக்குச் சரத்தின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதுமே துண்டு வாய்க்குப் போயிற்று. திரும்பிப் பார்த்தார். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை தம்பியையும் அவர் கையிலிருந்த நீல டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தன.

“நான்தான் செஞ்சேன்” என்றார் பல்செட்டுக்காரர். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. “போட்டுப் பாரு.”

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துண்டின் மறைவிலேயே வாங்கி மாட்டினார். துண்டு விலகவில்லை.

“எங்கயாவது உறுத்துதா?”

இல்லை என்று தலையாட்டல்.

“பார்க்காம எப்படிண்ணா தெரியும். ஈ காட்டு.”

அந்த வார்த்தையைக் கேட்டு இருவருக்கும் எத்தனை வருஷமாயிற்றோ. அண்ணன் மெல்லத் துண்டை இறக்கினார். நரைத்த மீசைக்குக் கீழே உதடுகள் விலகின. பள்ளிக்குக் கிளம்பும் பையனைப் போல ஈ என்று காட்டினார்.

அம்மா அங்கே இருந்தாள். மூக்குக்குக் கீழே, அந்தத் திரும்பிய பல்லும் அது விழச் செய்த சின்ன நிழலுமாக, அப்படியே இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டே வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த மனிதர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கல்லறையில் அழாத அழுகை இப்போது வந்தது.

அண்ணனுடைய நாக்கு உள்ளேயிருந்து பற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போவது கன்னத்தில் தெரிந்தது. ஓரிடத்தில் நின்றது. திரும்பிப் போய் அதே இடத்தைத் தடவியது. அவர் தம்பியின் வாயைப் பார்த்தார்.

“ஏதாவது பேசிப் பாரு. ஆடுதான்னு தெரியணும்” என்றார் தம்பி.

கூடத்தில் விளக்குச் சரம் எரிந்திருக்க வேண்டும், பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“காத்திருந்திருக்கலாம்டா” என்றார். சொற்கள் புதுப் பற்களில் தடுக்காமல் தெளிவாக வந்தன. “நீ வந்துக்கிட்டேதான் இருந்தே. எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கலாம்.”

அதற்குமேல் வாய் கோணிக்கொண்டு போயிற்று. அதை மறைக்க அவர் கை பழக்கதோஷத்தில் துண்டோடு மேலே எழுந்தது. தம்பி அந்த மணிக்கட்டைப் பாதியிலேயே பிடித்து, மெல்லக் கீழே இறக்கி, கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மடியில் வைத்துக்கொண்டார்.